அருள் பின்

எங்கள் ஷாப்பில் கியர்பாக்ஸை மூடுவதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு. "அருள் பின் பாத்துட்டியா?" என்பதுதான் அது. அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்பது இப்போது கேட்கிற பையன்களுக்கும் தெரியாது, பதில் சொல்கிற பையன்களுக்கும் தெரியாது. புத்தகத்தில் அதற்கு இன்டர்லாக் பின் என்றுதான் போட்டிருக்கும்.

போன தை மாதம் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டு, டீ கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் பரத் என்கிற ஃபிட்டர் கேட்டான்.

"ண்ணா, அருள் பின்னுன்றாங்களே, அது சாமி அருளா? அது இல்லன்னா வண்டிய சாமிதான் காப்பாத்தணும்னு வெச்சாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி இருந்துவிட்டு மாலையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு விளக்கேற்றி முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தபோது பாட்டு வாயில் வரவில்லை. எழுதிக் கொடுத்துவிடுவது என்று அப்போது முடிவு செய்தேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அருள் என்பது ஒரு ஆள். அருளப்பன். என்னோடு ஒரே பெஞ்சில் வேலை செய்த ஃபிட்டர். ஒரு தப்புக்கு அடையாளமாக அவன் பேர் நின்றுவிட்டது. அந்தத் தப்பு அவனுடையது இல்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் இதைச் சொல்வதற்காக வருகிறது.

எனக்குச் சொந்த ஊர் கவரப்பேட்டை பக்கம். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். பதினைந்து வயதில் மாதவரத்தில் ஒரு லாரி ஷெட்டில் விட்டார். மண்ணெண்ணெயில் பல்சக்கரம் கழுவியே சில வருஷம் போனது. பிறகு பிரிக்கக் கற்றேன், பிறகு பூட்டக் கற்றேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கிற ஷாப் ஒன்று தொடங்கியபோது அங்கே சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

முன்பக்கம் லாரி, பஸ் வேலை. பின்பக்கம் முதலாளியின் ஆசைக்காக ஒரு தனி இடம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அங்கே வரும். இரண்டு பேர் மட்டும் உட்காருகிற, தரையோடு தரையாக இருக்கிற வெளிநாட்டு வண்டிகள். சென்னையில் இருக்கிறவர்கள் அப்பா காலத்து வண்டி என்று பாதுகாத்து வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே எடுப்பார்கள்.

கியர்பாக்ஸை நாங்கள் பொட்டி என்றுதான் சொல்வோம். லாரிப் பொட்டி அடியும் வாங்கும், திட்டும் வாங்கும், ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்போர்ட்ஸ் வண்டியின் பொட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது. உள்ளே கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்த பித்தளை வளையங்கள் இருக்கும். அவை தேய்ந்தால் கியர் கர்ரென்று கத்தும். வளையம் ஊரில் கிடைக்காது, வெளியே இருந்து வரவேண்டும், வருவதற்கு மாசக்கணக்கில் ஆகும்.

அந்தப் பின்பக்கத்துக்கு ஃபோர்மேன் வரதராஜன் சார். பெரம்பூர்க்காரர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் வெள்ளை வேட்டித் துணி ஒன்றை மேஜையில் விரிப்பார். பொட்டியில் இருந்து எந்த வரிசையில் கழற்றுகிறோமோ அந்த வரிசையில் இடமிருந்து வலமாக அதில் வைக்கவேண்டும். வெள்ளைத் துணி எதற்கு என்று கேட்டால், "கருப்புத் துணியில காணாமப் போனா தெரியாது" என்பார். தான் எதையும் தொடமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "சொல்லு" என்பார். இது என்ன, எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்று ஒவ்வொன்றுக்கும் நாம் சொல்லவேண்டும். ஒன்றில் தடுமாறினால் "மறுபடியும்" என்பார். அவ்வளவுதான் அவருடைய திட்டு. மறுபடியும் என்றால் பூட்டியதை எல்லாம் திரும்பப் பிரிக்கவேண்டும். ஒரு சித்திரை மாதத்தில் ஒரே பொட்டியை நான் மூன்று தடவை பிரித்திருக்கிறேன்.

ஆயிலைக் கூட மோந்து பார்த்துவிட்டு என்னிடம் சொல்வார். "லாரிக்கு ஊத்துற ஆயில இதுக்கு ஊத்தாத தணிகை. அதுல கந்தகம் இருக்குது. இரும்பக் காப்பாத்தும், பித்தளையத் தின்னும்." வடிக்கிற திருகின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் விபூதி மாதிரி மசி ஒட்டியிருந்தால் பரவாயில்லை, ஊசி ஊசியாக இருந்தால் பல் உடைகிறது என்று பொருள். அவர் சொல்லிக் கொடுத்தது இது.

எல்லாவற்றையும் விட அவர் கண்டிப்பாக வைத்திருந்த விதி ஒன்று. "பூட்டுறவன் யாரா இருந்தாலும் சரி, மூடுறவன்தான் பொறுப்பு." மூடி போட்டுவிட்டால் உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. கடைசியாகப் பார்த்த கண் யாருடையதோ, வேலை அவனுடையது.

இப்போது எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் முருகனைக் கும்பிடுகிறவன். கிருத்திகை விரதம் விட்டதில்லை. எந்தப் பொட்டியை மூடினாலும் மூடியின் உள்பக்கத்தில் ஆயில் படாத மூலையில் மஞ்சள் பெயின்ட் பேனாவால் பிள்ளையார் சுழி போடுவேன். சின்னதாக ஒரு 'உ'. லாரி ஷெட்டில் இருந்தே வந்த பழக்கம். அருள் வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, "நான் மட்டும் சும்மா மூடுவனா" என்று சொல்லி அவன் மூடுகிற பொட்டியில் சிலுவை போட ஆரம்பித்தான். வரதராஜன் சாரிடம் போய் யாரோ சொன்னார்கள். அவர் வந்து பார்த்தார். "இருக்கட்டும். எவன் மூடுனான்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அது எங்கள் கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது. வேலைச் சீட்டில் பேர் ஒன்று இருக்கும், ஆனால் மூடியது யார் என்பது உள்ளேதான் இருக்கும்.

அருள் செவ்வாப்பேட்டையில் இருந்து வருவான். ஒரு ரயிலில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, எங்கள் பக்கத்து ரயிலில் மாறி வரவேண்டும். ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. என்னை விட ஆறு வயசு சின்னவன், ஐ.டி.ஐ. படித்தவன். சாப்பிடுவதற்கு முன்னால் அவன் கண்ணை மூடி ஜெபம் செய்யும்வரை நான் என் டப்பாவைத் திறக்கமாட்டேன். என் நெற்றியில் விபூதி குறைவாக இருந்தால், "இன்னாண்ணா, இன்னைக்கு சாமிக்கும் உனக்கும் சண்டையா" என்பான்.

நான் சொல்ல வந்த அந்த வண்டி பச்சை நிறம். சேது சார் என்பவருடையது, அவருடைய அப்பா வாங்கியது. ஐந்து கியர். மூன்றில் இருந்து இரண்டுக்கு இழுத்தால் கத்துகிறது, ஐந்தாவதில் போகும்போது தானே நழுவி வெளியே வருகிறது என்று கொண்டுவந்தார். வேலைச் சீட்டில் அருள் பேர் போட்டார்கள்.

நான்கு மாதம் அது அருளின் பெஞ்சில் இருந்தது. பிரித்துப் பார்த்தால் இரண்டாவது கியரின் பித்தளை வளையம் தேய்ந்து, கியருக்கும் அதற்கும் நடுவில் மெல்லிசான அளவுத் தகடுகூட நுழையவில்லை. யாரோ லாரி ஆயில் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், பித்தளை செம்பு நிறத்துக்குப் போயிருந்தது. வளையம் வரும்வரை அருள் மற்ற எல்லாவற்றையும் செய்தான். பேரிங்கை ஆயிலில் சூடாக்கி இறக்கினான். தண்டின் முன்பின் ஆட்டத்தை டயல் வைத்து அளந்து, தகடு மாற்றி, திரும்ப அளந்தான். ஊசி மாதிரி இருக்கிற உருளைகளை வாசலின் தடவி ஒவ்வொன்றாக ஒட்டி வைத்தான். கிரீஸ் வைத்தால் கரையாது, வாசலின் சூட்டில் கரைந்து ஆயிலோடு போய்விடும். ஐந்தாவது நழுவாமல் இருக்க ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமானதாக மாற்றினான். வரதராஜன் சார் இரண்டு தடவை வந்து "சொல்லு" என்றார். இரண்டு தடவையும் அவன் தடுமாறவில்லை.

மிச்சம் இருந்தது மேல் மூடி. அதில்தான் மூன்று கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒன்று, முதல் இரண்டு கியருக்கு. நடுவில் இருப்பது மூன்று, நாலுக்கு. கடைசிக் கம்பி ஐந்துக்கும் ரிவர்ஸுக்கும். ஒரு கம்பி நகர்ந்தால் மற்ற இரண்டும் நகரக்கூடாது. நகர்ந்தால் ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்து பொட்டி இறுகிவிடும், ஓடுகிற வண்டியின் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். அதைத் தடுக்கத்தான் நடுக்கம்பியில் குறுக்கே ஒரு ஓட்டை போட்டு, அதற்குள் ஒரு பின் வைத்திருப்பார்கள். முறித்த ஊதுவத்தித் துண்டு அளவுதான் இருக்கும். தும்மினால் பறந்துவிடும். அதுதான் நான் மேலே சொன்ன பின்.

அது போட்டிருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். மூடியைக் கவிழ்த்து வைத்து ஒரு ஓரத்துக் கம்பியைத் தள்ளிவிட்டு, எதிர் ஓரத்துக் கம்பியைத் தள்ளிப் பார்க்கவேண்டும். நகரவில்லை என்றால் பின் இருக்கிறது. அரை நிமிஷ வேலை. மூடுகிறவன்தான் செய்யவேண்டும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்து மணி சுமாருக்கு அருளுக்குப் போன் வந்தது. அவன் மகளுக்குப் பிரசவ வலி எடுத்து, திருவள்ளூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். முதல் பிரசவம். கம்பியெல்லாம் மூடியில் ஏறியிருந்தது.

"நீ போடா. நான் மூடிக்கிறேன்" என்றேன்.

"பின்னு போட்டாச்சுண்ணா. மூடிட்டா போதும். சார்கிட்ட நீயே சொல்லிடு" என்று கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடினான்.

கியரைப் பிடித்துத் தள்ளுகிற கவட்டையைக் கம்பியோடு சேர்க்கிற பின் ஒன்று உண்டு, சுருட்டின தகடு மாதிரி இருக்கும். அதுவும் பின்தான். இந்த ஊதுவத்தித் துண்டும் பின்தான். அவன் சொன்னது கவட்டைப் பின்னை. நான் எடுத்துக்கொண்டது எல்லாப் பின்னையும். எந்தப் பின் என்று நான் கேட்கவில்லை.

மணி பத்து இருபது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். ராகுகாலத்தில் பொட்டியை மூடுவது என்பது என் வாழ்நாளில் நான் செய்யாத காரியம். பன்னிரண்டுக்கு மேல் மூடலாம் என்றால், மதியம் சேது சார் வருவதாக இருந்தது. பசை தடவி, எட்டு போல்ட்டையும் முறுக்கி முடிக்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. கம்பியைத் தள்ளிப் பார்க்கவில்லை. துணியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. அருள் வேலை அல்லவா, நான்கு மாதம் கண்ணால் பார்த்த வேலை அல்லவா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பேனாவைக் கையில் எடுத்து 'உ' போடப் போனேன். கை நின்றுவிட்டது. இது அவன் பொட்டி. அங்கே அவன் மகள் வலியில் இருக்கிறாள். இந்த நேரத்தில் இதற்குள் போகவேண்டியது அவன் சாமிதான் என்று தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிலுவை போட்டேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "ஏசப்பா, அந்தப் பொண்ண நல்லபடியா இறக்கி வுடு" என்று வேண்டிக்கொண்டு மூடினேன். கடைசி போல்ட்டை முறுக்கும்போது மணி பத்து இருபத்தொன்பது. ரொம்ப திருப்தியாக இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. அருள் மறுநாள் லட்டு கொண்டுவந்தான். நான் மூடினேன் என்பதை வரதராஜன் சாரிடம் சொல்ல மறந்துவிட்டேன். வண்டி வெளியே ஓட்டிப் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. வெண்ணெய் மாதிரி விழுகிறது என்று சேது சார் எல்லாருக்கும் கை கொடுத்தார்.

ஆறு மாதம் ஓடியது. பின் இல்லாவிட்டாலும் கியர் லீவர் ஒழுங்காகப் போகிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேது சாரும் அவர் வீட்டம்மாவும் ஆந்திரா பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். டோல் கேட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க ஐந்தில் இருந்து நேராக இரண்டுக்கு இழுத்திருக்கிறார். கடினமான ஸ்பிரிங் இருந்ததால் ஐந்து முழுசாக வெளியே வரவில்லை. அதற்குள் இரண்டாவது கியரும் விழுந்து பொட்டி இறுகிவிட்டது. வண்டி திரும்பி நடுச்சுவரில் மோதி நின்றது. அவருக்குக் கையில் சிராய்ப்பு. வீட்டம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பிறகு அந்த அம்மா கோலில்லாமல் நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பொட்டியை எங்கள் ஷாப்புக்கே கொண்டுவந்தார்கள். முதலாளி, இன்சூரன்ஸ்காரர் ஒருவர், சேது சாரின் தம்பி எல்லாரும் நின்றார்கள். வரதராஜன் சார் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன் கையால் ஸ்பேனர் பிடித்ததை நான் பார்த்தேன். மூடியைத் தூக்கிக் கவிழ்த்து வெள்ளைத் துணியில் வைத்தார். மூலையில் மஞ்சளாகச் சிலுவை. நடுக்கம்பியை உருவினார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் கொடுத்தார். அவரும் பார்த்தார். நான் நின்ற இடத்தில் இருந்தே அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது.

"யாரு மூடுனது?" என்றார் முதலாளி.

அருள் சிலுவையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு என்னைப் பார்த்தான். நான் துணியைப் பார்த்தேன்.

"என் பொட்டிதான் சார்" என்றான்.

"மூடுனது யாருன்னு கேட்டேன்."

"சிலுவதான் இருக்குதே சார்."

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். எல்லார் எதிரிலும் வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் சாரிடம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் முதலாளி கூட இருந்தார். சாயங்காலம் என்று நினைத்தேன். அந்த வாரம் என் பெண்ணைப் பார்க்க ஊத்துக்கோட்டையில் இருந்து வருவதாக இருந்தார்கள். பெண்ணின் அப்பா என்ன வேலை, எத்தனை வருஷமாக என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். நிச்சயம் முடியட்டும் என்று நினைத்தேன். நிச்சயம் முடிந்தது. அதற்குள் அருளை அனுப்பிவிட்டார்கள்.

போகிற அன்று தன் டூல் பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டான். என்னிடம் வந்து, "வரேண்ணா, நாஷ்டா துன்னாம வேலைக்கு வராத, வயித்துவலின்னு பொலம்புவ" என்றான். கியர்பாக்ஸ் வேலை எங்கே கேட்டாலும் விஷயம் அவனுக்கு முன்னால் போய்விட்டது. சின்னத் தொழில் இது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கடைசியில் ஒரு கோடவுனில் செக்யூரிட்டி வேலைக்குப் போனான். ஷாப்பில் புதிதாக வந்தவர்களுக்கு, "இந்தப் பின்ன வுட்டுட்டுதான் அருள் போனான், பாத்துக்க" என்று யாரோ சொல்ல ஆரம்பித்து, அது சுருங்கி அருள் பின் ஆனது. அந்த வார்த்தை என் காதில் விழாத நாள் இல்லை. நானே சொல்லியும் இருக்கிறேன்.

அடுத்த வருஷம் வரதராஜன் சார் ஓய்வு பெற்றார். கடைசி நாள் அவர் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது அவரிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார். "அருள் சிலுவைக்கு கீழ்க்காலு நீளமா இருக்கும். நீ போட்டது கூட்டல் குறி."

"தெரிஞ்சுமா சார் அனுப்புனீங்க?"

"அவன் ஒத்துக்கினான். நீ வாயத் தொறக்கல. மொதலாளிக்கு ஒருத்தனக் காட்டணும். ரெண்டு பேரையும் அனுப்பிட்டு நான் எவன வெச்சு பொட்டி மூடுறது? நீயா வந்து சொல்லுவேன்னு ஒரு வாரம் பாத்தேன் தணிகை." துணியைப் பைக்குள் வைத்தார். "மறுபடியும்னு சொல்றதுக்கு இது பொட்டி இல்ல."

அதன் பிறகும் நான் அருளிடம் போகவில்லை. கோயில் கோயிலாகப் போனேன். திருத்தணிக்கு நடந்து போய் மொட்டை போட்டேன். ஆறு செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தேன். என்னென்னவோ சாமிக்குச் செய்தேன். செய்யவேண்டிய ஒன்றைச் செய்யாமல் இருக்கத்தான் அவ்வளவும் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஓய்வு பெற்ற மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை, செவ்வாப்பேட்டையில் போய் இறங்கினேன். சர்ச் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். அருளுக்கு மீசை முழுக்க வெளுத்துவிட்டது. வெள்ளைச் சட்டையில் கழுத்து ஒடுங்கித் தெரிந்தது.

"இன்னாண்ணா, ரிட்டயர் ஆன ஒடனே ஊர் சுத்த கெளம்பிட்டியா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் மனைவி ஸ்டெல்லா, "வாங்கண்ணா, எத்தினி வருஷமாச்சு" என்று தண்ணீர் கொண்டுவந்தாள். அன்றைக்குப் பிறந்த குழந்தைக்கு இப்போது ஏழு வயசு. என்னைப் பார்த்துவிட்டு அம்மாவைத் தேடி உள்ளே ஓடியது.

தண்ணீரை வாங்கி வைத்துவிட்டு ஸ்டெல்லாவையும் உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ராகுகாலத்தைச் சொன்னேன், சிலுவையைச் சொன்னேன், துணியைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன். முடிந்ததும் ஸ்டெல்லா அருளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது உனக்குத் தெரியுமாயா?"

அருள் தரையைப் பார்த்தான். "பின்னு போட்டாச்சுன்னு நான்தானே சொன்னேன். எந்தப் பின்னுன்னு நானும் சொல்லல."

"நீ மூடலன்னு உனக்குத் தெரியுமான்னு கேக்கறேன்."

"தெரியும்."

"ஏன்யா சொல்லல?"

"தொறந்தப்போ அந்தச் சிலுவையப் பாத்தேன். எம்பொண்ணுக்காக வேண்டிக்கினு போட்டிருக்காரு, விபூதி பூசுற கையால. நான் போடல, அது பொய்யின்னு எப்படி சொல்றது? என் வாய்ல வர்ல." பிறகு என்னைப் பார்த்தான். "நீ சொல்லுவன்னு நெனச்சேண்ணா."

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவில்லை.

"ஊட்டுல உப்பு வாங்க மறந்தாக்கூட, அன்னைக்கு அந்தப் பின்ன மறந்த மாதிரி மறந்துட்டியான்னு கேப்பேன் நான். அவரு சிரிச்சுக்கினு போய் வாங்கினு வருவாரு. எம்மாப்பிள்ள இருக்காரே, வண்டி ரிப்பேர்னா எட்டூர் தள்ளிப் போய் காட்டுவாரு, மாமனார்கிட்ட குடுக்கமாட்டாரு. இவரு பாத்துக்கினு நிப்பாரு. ஏழு வருஷம். நான் பேசின பேச்செல்லாம் நீ திருப்பி எடுத்துக்குவியா?"

"வுடு ஸ்டெல்லா" என்றான் அருள்.

"இன்னாத்த வுடறது" என்று எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையிடமும் நான் சொல்கிறேன் என்றேன். ஷாப்பில் எழுதிக் கொடுக்கிறேன், சேது சாருக்கும் எழுதுகிறேன் என்றேன். அருள் தலையாட்டினான். "எழுதுண்ணா. ஒன் மனசு ஆறட்டும்" என்றான். சேது சாருக்கு எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஸ்டேஷன் வரைக்கும் அவன் கூட வந்தான். வழியில் கோடவுன் வேலையைப் பற்றிப் பேசினான், நின்றுகொண்டே இருப்பதால் கால் வீங்குகிறது என்றான். என் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டான். பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். மன்னித்துவிடு என்று நான் அவன் கையைப் பிடித்தேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"கோவமெல்லாம் இல்லண்ணா. அத நான் எப்பவோ கர்த்தர்கிட்ட வுட்டுட்டேன்" என்றான். தூரத்தில் ரயில் தெரிந்தது. "ஆனா ஒண்ணு. இனிமே வராத."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"அவ திட்டுனா எனக்குப் பழகிடுச்சு. இனிமே அவ எங்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கினே இருப்பா. உப்பு வாங்கினு வந்தாலும் அழுவா. உன்னப் பாத்தா இன்னும் ஜாஸ்தியாவும். எனக்கு அது தாங்காதுண்ணா."

ரயில் வந்து நின்றது. அவன் எழுந்து எனக்கு வழி விட்டான். நான் ஏறிக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை.